கேரம் விளையாட்டா என்றொரு பஞ்சாயத்து

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் முத்தையா மாமா கையில் ஒரு வாலிபாலோடு வந்து சேர்ந்தார்.

மற்ற வீடுகளில் தாய்மாமா பூ வாங்கி வருவார், பழம் வாங்கி வருவார். எங்கள் மாமா கொடைக்கானல் மேல்மலைப் போளூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில், குரங்குக் குல்லாயும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டருமாக, பந்தைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வந்திருந்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "கைக்குழந்தை" என்று சொல்லிவிட்டாராம்.

"எதுக்குண்ணே இது?" என்று அம்மா கேட்டாள்.

"மாப்ளப் பையன் ஸ்டேட் லெவல் ப்ளேயருன்னு தரகர் சொன்னாப்லல்ல? பொண்ணு பாத்து முடிச்சதும் ரோட்டுல நின்னு நாலு சர்வீஸு போட்டுப் பாக்கலாம்னுதான்."

என்ன விளையாட்டு என்று தரகர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாமா கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இருப்பது ஒரே விளையாட்டு. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

தப்பு என் பக்கமும் கொஞ்சம் உண்டு. நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வந்த வரன்களிடமெல்லாம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன விளையாடுவீங்க?" ஒருத்தர் முழித்தார். ஒருத்தர் சின்ன வயதில் கிரிக்கெட் என்றார். ஒருத்தர் கொஞ்சமும் கூசாமல் மொபைலில் ரம்மி என்றார். அவருக்கு நான் காபிகூடக் கொடுக்கவில்லை. தரகர் நொந்துபோய், எங்கெங்கோ தேடி, பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் இந்த ஸ்டேட் லெவலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மாமா போன் செய்தார். "மைதானத்தை எழுதுற, மரத்தை எழுதுற, என்னைய எப்பத்தா எழுதப் போற?" என்று கேட்டார். மாமா, நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டதுதான் இது.

பனிக்குள் போன பந்து

மாமாவின் வாலிபால் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அப்பா, அம்மா, மாமா எல்லோருமே பள்ளிக்கூட வயதில் கப்பலேறியவர்கள். அப்பா கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டினார். மாமா போளூருக்குப் போய், குத்தகை நிலத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டார். போன கையோடு அங்கே ஒரு வாலிபால் டீமையும் ஆரம்பித்தார். தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பிரட்டு என்பார்கள். மாமா தன் டீமையும் அப்படித்தான் வெள்ளனே எழுப்பிப் பிரட்டு எடுப்பார்.

போளூர் மைதானத்துக்கு மூன்று பக்கம்தான் தரை. நாலாவது பக்கம் பள்ளம். பந்து அந்தப் பக்கம் போனால் அடித்தவன்தான் இறங்கி எடுக்க வேண்டும். கேரட் பாத்திகளைத் தாண்டி அவன் பந்தோடு ஏறி வருவதற்குள் மற்றவர்கள் டீ குடித்து முடித்திருப்பார்கள். பனி இறங்கிவிட்டால் இன்னும் விசேஷம். எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. பந்து எங்கே விழுந்தது என்று ரெஃப்ரீக்கும் தெரியாது. முதலில் "பாயிண்டு" என்று யார் கத்துகிறார்களோ அவர்களுக்குத்தான் பாயிண்டு. மாமாவுக்கு நல்ல தொண்டை. அவர் வாங்கிய கோப்பைகளில் பாதி அந்தத் தொண்டைக்குக் கிடைத்தவை.

இதை மாமா எதிரில் சொன்னால் சண்டைக்கு வருவார். அதனால்தான் எழுதுகிறேன்.

"பொசிசன்னா, உக்காந்துதாங்க"

பழனியிலிருந்து அவர்கள் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை தண்டபாணி, அவர் அம்மா, அவர் அண்ணன். பழனி மலை அடிவாரத்தில் அவர்களுக்குப் பூஜைச் சாமான் கடை. கொண்டை ஊசி வளைவுகளில் அண்ணனுக்குக் குடலே வெளியே வந்துவிட்டது போலிருக்கிறது. எலுமிச்சம்பழத்தை மூக்கை விட்டு எடுக்கவே இல்லை. தண்டபாணி ஒல்லியாக, யாரிடமோ கடன் வாங்கிய சால்வைக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபியை வாங்கியபோது ஆட்காட்டி விரல் மட்டும் டம்ளரில் படாமல் தனியாக நின்றது. ஏதோ நாகரிகம் என்று நினைத்தேன்.

வழக்கம்போல நான் கேட்டேன், "என்ன விளையாடுவீங்க?"

அவர் பதில் சொல்லாமல், "நீங்க என்ன ஆடுவீங்க டீச்சர்?" என்றார்.

அதுவரை வந்தவர்களில் ஒருத்தர்கூட என்னிடம் அதைத் திருப்பிக் கேட்டதில்லை. ஹேண்ட்பால், கோல் கீப்பர் என்றேன். "எல்லாரும் உங்களைப் பாத்து அடிப்பாங்க, நீங்க நகர முடியாது. கஷ்டமான எடம்" என்றார். எனக்குப் பிடித்துப் போயிற்று. வெட்கப்பட்டதாகவெல்லாம் கதை விடமாட்டேன். அந்த இடத்திலேயே பிடித்துப் போயிற்று.

அதற்குள் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "தம்பி எந்தப் பொசிசன்?"

"பொசிசன்னா... உக்காந்துதாங்க."

"உக்காந்தா?"

"கேரம்ங்க."

மாமாவின் மடியிலிருந்து பந்து நழுவி நாற்காலிக்கு அடியில் போயிற்று. அவர் அதை எடுக்கக்கூட இல்லை.

"கேரம்னா, மழைக்காலத்துல சவாரி இல்லாம டாக்ஸி ஸ்டாண்டுல தட்டுவாங்களே, அதா?"

"அதேதாங்க."

"அதுக்கெல்லாம் ஸ்டேட் லெவல் வேற இருக்கா?"

அண்ணன் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார். "என்னங்க இப்பிடிச் சொல்றீங்க? வீட்டுல அலமாரி பூரா கப்புதான் கெடக்கு."

"கப்பு கோலப் போட்டிக்குந்தான் குடுக்குறாங்க. விரலால சுண்டுறதெல்லாம் விளையாட்டா?"

"அப்ப செஸ்ஸு?"

"அது கணக்கு."

"துப்பாக்கி சுடுறது?"

"அது போலீஸ்காரன் சோலி."

"கோல்ஃபு? உங்க ஊர்லயே மைதானம் இருக்குல்ல?"

"அது நடை. வெள்ளைக்காரன் வாக்கிங் போகையில சும்மா போகாம குச்சியும் எடுத்துட்டுப் போனான்."

"சரிங்க, குதிரைப் பந்தயம்?"

"அது குதிரைக்கு விளையாட்டு. மேல இருக்கிறவன் பாசஞ்சரு."

"லேக்குல பெடல் போட்டு மிதிக்கிறாங்களே?"

"அது ஹனிமூன்."

சமையலறையில் அம்மா பலமாக இருமினாள். தண்டபாணியின் அம்மா மெதுவாகக் கேட்டார். "நாங்க நாள் தவறாம மலைக்கு ஏறி எறங்குறோம்ங்க. எங்க மாமனாரு இந்த வயசுலயும் விஞ்சு ரயிலு வேணாம்னு படியிலதான் ஏறுவாரு. அது என்னாங்க?"

மாமா சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார். "அது பக்திங்கம்மா. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

"அப்ப எதுதாங்க விளையாட்டு?" என்று அண்ணன் கத்தியேவிட்டார்.

"வேர்க்கணும்ங்க. வேர்த்து வடியணும். அதான் விளையாட்டு."

அப்பா சாதாரணமாக மச்சானிடம் வாயே கொடுக்கமாட்டார். அன்றைக்கு அவருக்கும் பொறுக்கவில்லை. "ஏன் மச்சான், உங்க டீமே ஸ்வெட்டர் போட்டுத்தானே ஆடும்? போளூர்க் குளிர்ல எவனுக்கு வேர்த்துச்சு?"

"உள்ளுக்குள்ள வேர்த்துச்சு" என்றார் மாமா.

காபி கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், மழை நாளில் ஹாலில் கேரம் போர்டைச் சுற்றி உட்காரும் பிள்ளைகளை, "எந்திரிங்க, இது பி.டி. பீரியடு, ரெஸ்ட் ரூம் இல்ல" என்று விரட்டுகிறவள் நான். நான் வருடக்கணக்காகச் சொல்லி வந்ததையெல்லாம் மாமா இப்போது என் கல்யாணத்துக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

தொடாத பந்து

மாமா குனிந்து பந்தை எடுத்தார். கொஞ்சம் இறங்கி வந்ததுபோல்தான் இருந்தது. "சரி, அது கெடக்கட்டும். வாங்க தம்பி வெளிய. நாலு பாஸ் போடுவோம்."

தண்டபாணி வலது கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரம் டோர்னமெண்டு இருக்கு. விரல்ல பட்டுச்சுன்னா போச்சு. பந்தைத் தொட மாட்டேங்க."

"தேங்காகூட இவனை உடைக்க விடமாட்டோம்ங்க" என்று அவர் அம்மா பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். பூஜைச் சாமான் கடைக்காரர் தேங்காய் உடைக்கமாட்டார் என்பதைக் கேட்டதும் மாமா எழுந்தேவிட்டார்.

"பந்தைத் தொடவே பயப்படுற ஆளு கையில எப்பிடிங்க எங்க பிள்ளையக் குடுக்குறது?"

கேசரி அப்படியே இருந்தது. எங்கள் பக்கத்தில் வெற்றிலைத் தட்டைத் தாய்மாமாதான் கைநீட்டி வாங்க வேண்டும். அவர் வாங்கவில்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அப்பா சொன்னாலும் செல்லாது, நான் அழுதாலும் செல்லாது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மாமாவையே பார்த்தாள்.

பெண் பார்க்கும் நேரத்தில் பெண் நடுக்கூடத்துக்கு வந்து சத்தம் போடக்கூடாது என்பார்கள். எனக்குச் சத்தம் போடுவதற்குத்தான் சம்பளமே. "மாமா, உக்காருங்க. கேரம் விளையாட்டே இல்லேங்குறீங்கல்ல? அப்ப அவரை ஜெயிக்கிறது சுலுவுதானே. ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு அப்புறம் எந்திரிச்சுப் போங்க."

மாமா மறுபடி உட்கார்ந்தார். சவால் என்றால் அவருக்குக் காது கேட்கும்.

அப்பா தெருமுனை டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து போர்டைத் தூக்கி வந்தார். போர்டுக்குப் பின்னாலேயே ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பனியில் ஊறி போர்டு உப்பியிருந்தது. பவுடர் டப்பாவில் கட்டி தட்டிப் போயிருந்தது. தண்டபாணி முதல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். அது பாதி தூரம் போய், டீசல் தீர்ந்த பஸ் மாதிரி நின்றுவிட்டது.

மாமா சிரித்த சிரிப்பில் குல்லாய் கண்ணுக்கு இறங்கியது. "இதுதான் ஸ்டேட் லெவலா?"

தண்டபாணி சிரிக்கவில்லை. காய்ச்சல் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் போர்டைத் தடவிப் பார்த்தார். "கணப்பு இருக்குங்களா?" என்றார். அம்மா கரி போட்ட கணப்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அதன்மேல் போர்டைப் பிடித்து, அப்பளம் சுடுகிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினார். பவுடர் டப்பாவையும் பக்கத்தில் வைத்துக் காய வைத்தார். பிறகு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் பார்த்த ஆள் வேறு. நடுக்கம் இல்லை, சால்வை இல்லை. காய்கள் அவர் சொன்ன குழிக்குப் போயின.

மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. இலங்கைத் தோட்டத்து லயத்து வீட்டில் சின்ன வயதில் ஆடிய கை. முன்னால் குனிந்தார், பின்னால் சாய்ந்தார், ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினார், பிறகு இன்னொன்றையும். நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு சொட்டு போர்டில் விழுந்தது.

"மச்சான், வேர்க்குது" என்றார் அப்பா.

"கணப்புச் சூடுய்யா!" என்று மாமா சீறினார்.

கடைசியில் இருவருக்கும் சமமாக வந்து, ஆளுக்கொரு காயும் சிவப்புக் காயும் மிஞ்சி நின்றன. அடி தண்டபாணியுடையது. அண்ணன் அவர் காலை மிதித்தார். அவர் அம்மா "முருகா, விட்டுக்குடுத்துர்றா" என்று முருகனையும் மகனையும் சேர்த்தே வேண்டினார். ஒரு டிரைவர் கண்ணடித்தார். வேண்டுமென்றே தோற்றால் மாமா குளிர்ந்துபோவார், கல்யாணம் நடந்துவிடும். ஆனால் அந்த ஆள் எனக்கு வேண்டாம். ஜெயித்தால் அந்த ஆள்தான் வேண்டும். ஆனால் கல்யாணம் நடக்காது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் போர்டைப் பார்த்தேன்.

சிவப்பு விழுந்தது. அடுத்த அடியில் போட வேண்டிய ஃபாலோ காயும் விழுந்தது.

"இன்னொரு ஆட்டம்" என்றார் மாமா. அதிலும் தோற்றார். அடுத்ததிலும் தோற்றார். பனியில் வளைவு தெரியாது, வெரசா கிளம்புங்கள் என்று வேன் டிரைவர் ஹாரன் அடிக்கும் வரை தோற்றுக்கொண்டே இருந்தார். நடுவில் பசி தாங்காமல் கேசரியைத் தின்றார். அது சம்மதத்துக்குக் கணக்கில்லை என்று வாயில் கேசரியோடு அறிவித்தார்.

வாசலில் நின்று தீர்ப்பைச் சொன்னார். "நான் ஒருதரம் ஜெயிச்சதுக்கப்புறம் வெத்தலைத் தட்டை வாங்குறேன். அது வரைக்கும் இந்தப் பேச்சு அப்பிடியே கெடக்கட்டும்."

"விளையாட்டே இல்லாததுல ஜெயிச்சு என்ன மாமா?"

"அதாந்தா எனக்கு ஆத்தரமே. விளையாட்டே இல்லாத ஒண்ணுல ஒருத்தன் என்னையத் தோக்கடிக்கிறதா?"

மாமாவின் பழனி யாத்திரை

அதற்குப் பிறகு மாமாவுக்குப் பக்தி முற்றிவிட்டது. வாரா வாரம் கேரட் லோடை ஏற்றி அனுப்பிவிட்டு நேரே பழனிக்கு பஸ் ஏறுவார். ஊரில் கேட்டால் முருகனைப் பார்க்கப் போவதாகச் சொல்வார். முருகன் மலை மேலே இருப்பார். மாமா அடிவாரத்துக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து தோற்றுக்கொண்டிருப்பார். பழனி வெயிலில் காய்ந்த போர்டு கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் தண்டபாணியை ஜெயிக்க ஆள் கிடையாது.

ஆவணி முகூர்த்தங்கள் போயின. இரண்டு பக்கமும் ஜாதகத்தைத் தூசி தட்டி வேறு இடம் பார்க்கலாமா என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. பி.டி. பீரியடில் விசில் ஊத மறந்து நின்றிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் தண்டபாணி போன் செய்தார். "டீச்சர், வீட்டுல வேற எடம் பாக்குறாங்க. மாமாவுக்கு ஒரு ஆட்டம் விட்டுக் குடுத்துரவா? கார்த்திகையில கல்யாணத்தை முடிச்சிரலாம்."

சரி என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"விட்டுக் குடுத்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிரும்" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"ரன்னிங் ரேஸ்ல வேணும்னே பின்னால வர்ற பிள்ளைய முதுகைப் பாத்தே கண்டுபிடிக்கிறவ நான்."

அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. "அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"நீங்க ஒழுங்கா ஆடுங்க. மாமாவை ஜெயிக்க வைக்கிறது என் சோலி."

கோச்

ஆக, கேரம் ஆடுகிற பிள்ளைகளை விரட்டுகிற டீச்சர், தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரைத் தோற்கடிப்பதற்காகத் தாய்மாமாவுக்குக் கேரம் கோச்சிங் ஆரம்பித்தாள். சனிக்கிழமைகளில் டாக்ஸி ஸ்டாண்டு ஷெட்டில் நடந்தது. முதல் நாளே குரங்குக் குல்லாயைப் பறிமுதல் செய்தேன். அது இருக்கும்வரை அவர் பக்கத்து மூலைக் குழி இரண்டும் கண்ணுக்கே தெரியவில்லை.

அவர் கோளாறு எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வாலிபால் கை. ஸ்ட்ரைக்கரை ஸ்மாஷ் அடித்தார். பழனியின் வழுக்குப் போர்டில் அந்த அடிக்குக் காய் தெறித்து வெளியே ஓடும். எங்கள் ஊறிய போர்டில் அந்த அடி வாங்கினால்தான் காய் நகரவே நகரும். மாமாவை மாற்ற வேண்டியதில்லை, மைதானத்தை மாற்றினால் போதும் என்று புரிந்தது. நானும் அவர் அடியைத் திருத்தாமல் குறியை மட்டும் திருத்தினேன்.

ஐப்பசிப் பனி இறங்கும் வரை காத்திருந்து செய்தி அனுப்பினேன். அடுத்த மேட்ச் மேலே, எங்கள் டாக்ஸி ஸ்டாண்டு ஷெட்டில்தான். கணப்பு கிடையாது.

வெற்றிலைத் தட்டை வேனிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் வந்தார்கள். தண்டபாணி போர்டைத் தொட்டதும் முகம் மாறியது. "டீச்சர், இது போர்டு இல்லீங்க, ஊறுகா."

"ரெண்டு பேருக்கும் அதே ஊறுகாதான்."

"கணப்பு காட்டுனா என்னங்க?"

"மழை பெய்ஞ்ச கிரவுண்டை அடுப்பு மூட்டிக் காயவச்சா ஆடுறாங்க?"

டிரைவர்கள் எல்லோரும் நியாயம்தான் என்றார்கள். தண்டபாணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் பாதி இருந்தது. மீதி என்ன என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் முதுகுப் பக்கம் நின்று கண் கொட்டாமல் பார்த்தேன். தோள் இறுகி, காது சிவந்து, ஒவ்வொரு காய்க்கும் மூச்சைப் பிடித்துப் போராடினார். ஸ்ட்ரைக்கர் நகரமாட்டேன் என்றது. மாமா போளூர் மைதானத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு அடித்தார். அடிக்கு அடி போர்டே நகர்ந்தது, டிரைவர்கள் நாலு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பை அடித்தார், விழுந்தது. ஃபாலோ குழி விளிம்பில் போய் நின்றது. ஒரு கணம் ஆடி, உள்ளே போயிற்று.

மாமா "பாயிண்டு!" என்று கத்தியது லேக் வரைக்கும் கேட்டிருக்கும். என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, அப்பாவைத் தூக்கினார். அம்மா அழுதுகொண்டே வெற்றிலைத் தட்டை எடுக்க வேனுக்கு ஓடினாள்.

அன்றைக்கே வீட்டில் நிச்சயம். மாமா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வாங்க மாப்ள, பக்கத்துல நில்லுங்க" என்று தண்டபாணியைத் தோளோடு சேர்த்து இழுத்தார். ஒரு டிரைவர் மொபைலில் ஃபோட்டோ எடுத்தார்.

"சிரிங்க" என்று நான் முழங்கையால் இடித்தேன். "நிச்சயம் ஆயிருச்சு."

"போர்டு ஈரம்ங்க" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த ஃபோட்டோதான் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. மாமா பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறார். அப்பா, அம்மா, மாமியார், மைத்துனர், ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். இருப்பவர்களிலேயே நான்தான் அதிகமாகச் சிரிக்கிறேன். மாப்பிள்ளை மட்டும் கடன்காரனைப் பார்த்த மாதிரி நிற்கிறார். புதிதாக வருகிறவர்கள், பையனுக்கு இஷ்டமில்லாமல் பிடித்துக் கட்டி வைத்துவிட்டார்களோ என்று தணிந்த குரலில் விசாரிப்பார்கள். நான் பாவம்போல் தலையை ஆட்டி வைப்பேன்.

மாமா இன்னமும் கேரம் விளையாட்டு இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் வாதம் செய்வதில்லை. யாராவது என்னிடம் கேட்டால் அந்த ஃபோட்டோவுக்கு நேரே கூட்டிப்போய் நிறுத்திவிடுகிறேன். ஆசைப்பட்ட பெண் பக்கத்தில் நிற்கிறாள், வெற்றிலை மாற்றியாகிவிட்டது, ஒரு மனிதன் இவ்வளவு கடுப்பாக நிற்கிறான் என்றால் அவன் விளையாட்டில் தவிர வேறு எதில் தோற்றிருப்பான்?